கோயில் கிணற்றுத் தண்ணீரும் அண்ணையின் பற்றறியும்

மச்சாள்,

உங்களுடைய றங்குப் பெட்டியை நேற்றுத்தான் திறந்தேன். உங்களுடைய முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்து இரண்டு கிழமையாகியும் அதில் கைவைக்க மனம் வரவில்லை. பூச்சி உருண்டை மணத்தோடு மேலே கிடந்த நீலச் சேலையை எடுத்து வெளிச்சத்தில் விரித்தால், கரையோரமாக மிளகளவு ஓட்டைகள். என் மருமகள் எட்டிப் பார்த்து, "கரப்பான் அரிச்சுப் போட்டுது மாமி, எறியுங்கோ" என்றாள். கரப்பானாம். அது பற்றறி அசிட் தின்ற சேலை. அசிட் தெறிக்கும்போது ஒன்றும் தெரியாது, துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் ஓட்டை விழும். அன்று நீங்கள் கொடியடியில் நின்று அவற்றை எண்ணி, "பதினொண்டு" என்றீர்கள். அழுவீர்கள் என்று பார்த்தேன். உங்கள் முகத்தில் இருந்தது பெருமை. மருமகளுக்கு இதை எங்கே தொடங்கிச் சொல்வது? அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

அண்ணை அந்த மோட்டார் சைக்கிளை வாங்கியபோது அவருக்கும் உங்களுக்கும் கலியாணமாகி ஆறு மாதம். நில அளவைக் கந்தோரில் அவருக்கு வேலை. வேலை முடிந்து வரும்போது எங்கள் வீட்டு ஒழுங்கை திரும்பும் முடக்கில் ஒருதரம் ஹோர்ன் அடிப்பார். அம்மா உடனே தேத்தண்ணிக்குக் கேத்திலை வைப்பா. நீங்கள் மட்டும் ஒன்றும் கேளாத ஆள் மாதிரிப் பேப்பரை வாசித்துக்கொண்டே இருப்பீர்கள். ஆனால் பேப்பர் தலைகீழாகக் கூட இருக்கும். நான் அதைச் சொல்லிச் சிரித்ததற்கு எத்தனை நாள் என்னோடு கதைக்காமல் இருந்தீர்கள்!

அந்தச் சைக்கிளில் அண்ணை கொண்டாடியது எஞ்சினை அல்ல, இருக்கைக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டியை. மேலே மூன்று மூடி, இரண்டு ஈய முனை, தூக்கினால் கை இறங்கும் பாரம். "எஞ்சின் முரடன், அதுக்கு ஒண்டும் வராது. பற்றறிதான் செல்லம். பாத்தால் பத்து வருசம், பாக்காட்டிப் பத்து மாசம்" என்பார். பத்து வருசம் என்றது சும்மா புளுகு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதற்குச் செய்த பணிவிடையை அம்மாவுக்குச் செய்திருந்தால் அம்மா இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருப்பா.

மலாயாவில் றெயில்வேக் கந்தோரில் வேலை கிடைத்துப் போனபோது, ஒரு வருசத்தில் வீடு எடுத்து உங்களைக் கூப்பிடுவதாகத்தான் ஏற்பாடு. சைக்கிளை விற்கச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. புறப்படுகிற அன்று உங்களைச் சாமியறைக்குள் கூப்பிட்டு ஏதோ இரகசியம் சொல்கிறார் என்று நான் விலகி நின்றேன். காதில் விழுந்தது இதுதான்: "இஞ்சேரும், பற்றறியை மட்டும் சாகவிடாதையும்." நாங்கள் வாழ்ந்த காலத்தில் ஆண்பிள்ளைகள் பிரியாவிடை சொன்ன வடிவு அப்படி.

அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு கடதாசி ஒட்டிவிட்டுப் போயிருந்தார். ஓடாத சைக்கிளில் பற்றறியைப் பூட்டியபடி விடக்கூடாது, கழற்றிப் பலகையில் வைக்க வேண்டும். முனையில் பூக்கிற வெள்ளைத் தூளை அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் கழுவித் துடைத்து வசிலின் பூச வேண்டும். மாதம் ஒருமுறை பட்டணத்தில் சார்ஜ் ஏற்ற வேண்டும், அதுவும் மெல்ல. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளேயிருக்கும் தட்டுகளை ஒரு நகத்தளவு தண்ணீர் மூடியிருக்க வேண்டும். குறைந்தால் ஆசுப்பத்திரியில் கொடுக்கிற வடித்த தண்ணீர் மட்டும் விட வேண்டும். அந்த 'மட்டும்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. அந்தக் கோடுகளை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

பட்டணத்துக்கு நாங்கள் இரண்டுபேரும்தான் போவோம். பற்றறியைப் பனையோலைக் கடகத்துக்குள் வைத்து, சுற்றிவர உமி கொட்டி, மேலே துணி போட்டு மூடி, மானிப்பாய்ச் சந்தியில் பஸ் ஏறுவோம். முதல்நாள் பஸ்காரன் கடகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, கல்லோ கொண்டு போறியள்?" என்று கேட்டான். "முட்டை" என்றீர்கள் நீங்கள், கண் இமைக்காமல். அந்த முட்டையை யாழ்ப்பாணம் வரைக்கும் மடியில் வைத்திருந்துதான் நீலச் சேலை ஓட்டையானது.

கராஜ்காரர் முதலில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"லொறிப் பற்றறியளோடை சேத்துக் கெதியா ஏத்திவிடுறன், தங்கச்சி. பின்னேரமே கொண்டு போகலாம்."

"வேண்டாம் அண்ணை. மெல்ல ஏத்துங்கோ. நாளைக்கு வந்து எடுக்கிறம்."

"ஆர் சொன்னது மெல்ல ஏத்தச் சொல்லி?"

"அவர் எழுதி வைச்சவர். கெதியா ஏத்தினால் சூடேறித் தட்டு உதிருமாம்."

அவர் சிரிப்பை விட்டுவிட்டு உங்களை ஒருதரம் வடிவாகப் பார்த்தார். அதற்குப் பிறகு எங்களுக்கென்று ஒரு மூலையில் தனியாக வைத்து ஏற்றித் தருவார். றப்பர் குமிழ் பூட்டிய கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு மூடிக்குள்ளும் உறிஞ்சி, உள்ளே மிதக்கிற மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று உங்களிடம் காட்டுவார். மூன்றும் ஒரே கோட்டில் நின்றால் நீங்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பீர்கள். பரீட்சையில் பாஸான ஆளின் பார்வை அது.

வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைக்க முன்னம் பற்றறியைக் கொண்டுபோய்ச் சைக்கிளில் பூட்டி, ஹோர்னை ஒருதரம் அமத்துவீர்கள். அது பற்றறியைச் சோதிக்க என்று சொன்னீர்கள். முதல் சில கிழமைகள் அம்மா அடுப்படியிலிருந்து, "வந்திட்டானோ?" என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தா. பிறகு வரவில்லை. பசு மட்டும் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

பிறகு யப்பான்காரன் மலாயாவுக்குள் இறங்கினான். சிங்கப்பூர் விழுந்த சேதி வந்த அன்று எங்கள் ஊரில் அரைவாசி வீடுகளில் உலை வைக்கவில்லை. கடிதம் நின்றது, காசு நின்றது, கப்பல் நின்றது. பெற்றோல் கூப்பனுக்கு வந்தது. ஒரு கிழமை நீங்கள் சாப்பாட்டைத் தொட்டுவிட்டு எழும்பினீர்கள். அடுத்த கிழமை மாதம் முடிந்தது என்று கடகத்தை எடுத்தீர்கள். பஸ்ஸுக்குள் வைத்துத்தான் அதைச் சொன்னீர்கள். "இதுக்கு உசிர் இருக்குமட்டும் அவருக்கு ஒண்டும் இல்லை. நான் அப்பிடித்தான் நினைச்சு வைச்சிருக்கிறன். ஆரிட்டையும் சொல்லிப் போடாதையும், விசரி எண்டுவினம்." நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டியை நானும் இரண்டு கையாலும் ஏந்தித்தான் தூக்கினேன்.

வடித்த தண்ணீர் கேட்டால், ஆசுப்பத்திரியில் மருந்து கலக்கிறவர், "ஊசிக்கே காணாது, பிள்ளை" என்று கையை விரித்தார். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை, சண்டைக் காலம். கராஜ்காரர் சொல்லித்தந்தபடி மாரியில் நீங்கள் மழைத்தண்ணீர் பிடித்தீர்கள். முற்றத்து நடுவில் நாலு தடி நட்டு, அண்ணையின் வெள்ளை வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டு, கீழே பீங்கான் பூச்சுச் சட்டி. கூரையில் பட்ட தண்ணீர் கூடாது, முதல் மழைத் தண்ணீரும் கூடாது. எட்டுப் போத்தல் சேர்ந்தது. வருசம் முழுக்கக் காணும் என்று கணக்குப் போட்டீர்கள்.

பங்குனியில் உங்கள் தாய்க்குச் சுகமில்லை என்று நெல்லியடிக்குப் போனீர்கள். பற்றறியை என்னிடம் தந்துவிட்டுப் போனீர்கள். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது, பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பிக்கிற வாத்திச்சி. பொறுப்பில்லாத ஆள் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் போன நாலாம் நாள், அலுமாரிக்கு அடியில் இருந்த போத்தல்களைத் தூசி தட்டப் போய், தண்ணீர் இருந்த அஞ்சையும் கவிழ்த்துவிட்டேன். நாலு உடைந்தது. ஒன்று சிந்தியது. மற்ற மூன்றும் ஏற்கெனவே வெறும் போத்தல்கள். வெளியே வெய்யில் எரிக்கிறது, மழைக்கு இன்னும் ஆறு மாதம்.

அதன்பிறகு நான் செய்ததை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் முழுக்க எழுதுகிறேன், அன்று உங்களுக்குச் சொல்லும்போது அரைவாசியை முழுங்கிவிட்டேன். எங்கள் வீட்டுக் கிணறு உப்புக் கரிக்கிற சவர் என்பதால் அதை நான் நினைக்கவே இல்லை. பிள்ளையார் கோயில் கிணறு ஊரிலேயே நல்ல தண்ணீர். சாமிக்கு அபிஷேகம் அதில்தான். மூன்று ஊர்ச்சனம் குடத்தோடு வந்து நிற்கும். இதைவிடச் சுத்தமான தண்ணீர் எங்கே இருக்கிறது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை விரதம் பிடித்து, தலைமுழுகி, ஈரச் சேலையோடு போய் அள்ளி, மூன்றுதரம் துணியால் வடித்து, உங்கள் போத்தல்களில் நிரப்பினேன். உடைந்ததற்கு அதே மாதிரிப் போத்தல் தேடி வாங்கினேன். பற்றறியின் மூன்று மூடிக்கும் திருநீறு பூசினேன். அண்ணை சுகமாக வரவேண்டும் என்று ஒவ்வொரு மூடிக்கும் ஒரு தேவாரம். அந்த இரண்டு கோட்டை நான் மறக்கவில்லை, மச்சாள். சாமி தண்ணீருக்கு அது பொருந்தாது என்று நினைத்தேன்.

நீங்கள் வந்தீர்கள், ஒன்றும் அறியாமல் அந்தத் தண்ணீரையே விட்டீர்கள். வைகாசியில் ஹோர்ன் கம்மியது. ஆனியில் சார்ஜ் ஏற்றி வந்த இரண்டாம் நாளே வெறும் முனகல். கடகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கராஜ்காரர் மூடியைத் திறந்து, குழாயால் உறிஞ்சி, மிதவை எழும்பாததைப் பார்த்தார்.

"என்ன தண்ணி விட்டனீங்கள், தங்கச்சி? கிணத்துத் தண்ணி விட்டால்தான் இப்பிடித் தட்டுப் போகும். இஞ்சத்தைத் தண்ணி குடிக்க இனிக்கும், உள்ளுக்குச் சுண்ணாம்பும் உப்பும்."

"சீ, நான் மழைத்தண்ணியைத் தவிர ஒண்டும் விடேல்லை" என்றீர்கள்.

"அப்ப அதின்ரை காலம் முடிஞ்சுது. சண்டை முடியுமட்டும் புதுத் தட்டு எடுக்கேலாது."

நான் உங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். என் வாய் திறக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்காரன், "முட்டை வித்துப்போச்சோ அக்கா?" என்று பகிடி விட்டான். நீங்கள் துணியை இழுத்துக் கடகத்தை மூடினீர்கள்.

எங்கள் பெரியப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். அப்பா இல்லாத வீட்டுக்கு அவர்தான் தலை. சாத்திரியார் அண்ணையின் சாதகத்தைப் பார்த்து ஆயுள் முடிந்தது என்று சொன்னதிலிருந்து மனிதர் நித்திரை கொள்ளவில்லை. தர்ப்பையால் உருவம் செய்து கிரியை முடித்துவிட வேண்டும், பெடியன்ரை ஆத்துமா அலையக்கூடாது என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கிரியை நடந்தால் உங்கள் கழுத்துத் தாலிக்கொடி இறங்க வேண்டும். நீங்கள் ஒவ்வொரு தரமும் ஒரே சொல்லில், "இல்லை" என்பீர்கள். கராஜிலிருந்து வந்த அன்று பின்னேரம் நீங்களாகவே அவரிடம் போனீர்கள். "பெரியப்பா, நீங்கள் சொன்னபடி செய்யுங்கோ" என்றீர்கள். அவர் தோளில் கிடந்த துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆடி அமாவாசை என்று நாள் குறித்தார்கள்.

அந்த நாட்களில் நீங்கள் அழவில்லை. பூ வைப்பதை விட்டீர்கள். போத்தல் தண்ணீரை எல்லாம் குறோட்டன் செடியடியில் ஊற்றினீர்கள். அலுமாரிக் கதவிலிருந்த கடதாசியை ஈரத்துணியால் ஒத்தி ஒத்திக் கிழியாமல் உரித்து எடுத்தீர்கள். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தேன். நாளைக்குச் சொல்வேன், நாளைக்குச் சொல்வேன் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சொன்னால் இனி என் முகத்தில் முழிக்கமாட்டீர்கள் என்ற பயம். சாத்திரியார் சொன்னது உண்மையாக இருந்தால் சொல்லி என்ன பயன் என்ற சாட்டும் வைத்திருந்தேன். கோழைக்குச் சாட்டுக்குப் பஞ்சமில்லை.

அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கையில் அண்ணையின் நீளக்கைச் சேட்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்து, "இதை ஒருக்கா மடிப்பு வைச்சுத் தாரும். தர்ப்பைக்கு மேலை விரிக்க வேணுமாம்" என்றீர்கள். சிரட்டைக் கரி போட்டு அயன்பெட்டியைச் சூடாக்கினேன். சேட்டின் ஒரு கையை அழுத்தி மடித்தேன். மற்றக் கையில் அண்ணையின் பழைய அசிட் ஓட்டை ஒன்று இருந்தது. அதற்கு மேல் என்னால் ஏலவில்லை. பெட்டியை அப்படியே வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். நீங்கள் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"மச்சாள், அது மழைத்தண்ணி இல்லை. நான்தான் போத்தலை உடைச்சுப் போட்டுக் கோயில் கிணத்துத் தண்ணி நிரப்பி வைச்சனான்."

நீங்கள் சேலையைப் பிழிந்தபடியே நின்றீர்கள்.

"எப்ப தொடக்கம்?"

"பங்குனியிலையிருந்து."

"எல்லாப் போத்தலுமோ?"

"ஓம். விரதம் பிடிச்சுத்தான் அள்ளினனான். மூடிக்குத் திருநீறும் பூசினனான்."

"திருநீறும் பூசினனீரோ?" என்று கேட்டீர்கள். அடிக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் தோய்க்கிற கல்லில் குந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஈரக் கையோடு பெரியப்பா வீட்டுக்கு நடந்தீர்கள். நான் பின்னால் ஓடி வந்தேன்.

"பெரியப்பா, ஐயரை மறிச்சுப் போடுங்கோ. அவருக்கு ஒண்டுமில்லை. உவள் தண்ணியை மாத்தி விட்டவள்."

பெரியப்பா என்னையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். தண்ணீருக்கும் அண்ணைக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த மனிதர் சாகும்வரை விளங்கிக்கொள்ளவில்லை. ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்து ஐயருக்கு ஆள் அனுப்பினார்.

அதன்பிறகு வந்த காலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் இனிக்கிறது. தட்டுப் போன பற்றறியைச் சண்டை முடியத் திருத்தலாம் என்று பலகையிலேயே வைத்தீர்கள். அண்ணையின் நட்சத்திரத்துக்கு மாதம் தவறாமல் பிள்ளையாருக்கு அர்ச்சனை. அர்ச்சனைத் தட்டை நீட்டி அவர் பெயரையும் நட்சத்திரத்தையும் உரத்துச் சொல்வீர்கள், இருக்கிற ஆளுக்குச் சொல்கிறபடி. எனக்குக் கலியாணம் பேசி வந்தபோது, "தண்ணி அள்ளத் தெரியாத பெம்பிளை, யோசிச்சுச் செய்யுங்கோ" என்று மாப்பிள்ளையின் தாயிடம் சொன்னீர்கள். அவர்கள் பயந்தே போனார்கள். தலையில் பூவோடு நீங்கள் சிரித்துக்கொண்டு நின்றது கண்ணுக்குள் நிற்கிறது.

சண்டை முடிந்து முதல் கப்பல்களில் வந்தவர்களில் அண்ணையோடு வேலை செய்தவர் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். கதிரையின் நுனியில் குந்தியிருந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை. யப்பான்காரன் சயாமில் றெயில் பாதை போடக் கொண்டுபோன இடத்தில் காய்ச்சல் என்றார். தான் பக்கத்தில் இருந்ததாகச் சொன்னார். எப்போது என்று நீங்கள்தான் கேட்டீர்கள். இரண்டு வருசத்துக்கு முந்தின சித்திரை, வருசப் பிறப்புக் கழிந்து ஒரு கிழமை என்றார். நான் விரலில் எண்ணிப் பார்த்தேன். கிணற்றடியில் நான் உங்களுக்கு உண்மை சொன்னபோது அண்ணை செத்து மூன்று மாதம்.

கிரியை எல்லாம் முடிந்து, கழுத்து வெறுமையாகி, சைக்கிளையும் பெரியப்பாவின் மகன் கொண்டுபோன பிறகு, ஒரு பின்னேரம் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தோம். "மச்சாள், நான் அண்டைக்கு வாயைத் திறந்திருக்கக் கூடாது. உங்களை வீணா ஏமாத்திப் போட்டன்" என்றேன். நீங்கள் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏமாத்தினீரோ? அந்த இரண்டு வருசமும் அவர் எனக்கு இருந்தவர். அவரின்ரை பேரைச் சொல்லி அர்ச்சனை செய்தனான், பூ வைச்சனான், அவரோடை மனசுக்குள்ளை சண்டையும் பிடிச்சனான். நீர் சொல்லாட்டி அது எனக்கு ஆர் தந்திருப்பினம்?"

அதற்குப் பிறகு நாற்பது வருசம் என் வீட்டில் இருந்தீர்கள். என் பிள்ளைகளை வளர்த்தீர்கள். யாராவது வந்தால், நான் உங்களுக்குச் செய்த நன்மை என்று அந்த இரண்டு வருசத்தைச் சொல்லுவீர்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். கராஜிலிருந்து வந்த நாளுக்கும் கிணற்றடிக்கும் இடையில் பத்தொன்பது நாள், மச்சாள். உங்களைத் தேற்ற ஒரு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு, நீங்கள் பூவை விடுவதையும் கடதாசியை உரிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்த பத்தொன்பது நாள். உங்களுக்கும் அந்தக் கணக்குத் தெரியும். இரண்டு வருசத்துக்கு வாழ்நாள் முழுக்க நன்றி சொன்னீர்கள். அந்தப் பத்தொன்பது நாளைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. ஒருதரம் கேட்டிருக்கலாம்.